ரோட்டின் குறுக்கே கிடந்த பிள்ளை

ரெண்டு பிள்ளை பெத்தவள் சுடிதாரும் ஷூவுமாக விடிகாலையில் வில்லாபுரம் தெருவில் ஓடினால், பின்னால் நாய் வரும், "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்ற கேள்வியும் வரும். இதய ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற ஏழைக் குழந்தைகளுக்கு நிதி திரட்ட மாரத்தான் ஓடப்போறேன், அதுக்குத்தான் பழகுறேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

ஓட்டத்தன்று உசிலம்பட்டி ரோட்டில் பாதி தூரம் கடந்ததும் ஒரு ஊர் வந்தது. குழந்தைகளுக்காக ஓடுகிறோம் என்று முன்னால் போன வேனில் மைக்கில் சொல்லியிருந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் அதை நேர்த்திக்கடன் என்றே எடுத்துக்கொண்டார்கள். தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்குச் செய்வதுபோல, குடத்து மஞ்சள் தண்ணீரை என் காலில் ஊற்றினார்கள். ஷூ சொதசொதவென்று ஆகிவிட்டது. கடுப்பில், "என்னக்கா இது?" என்றேன்.

அதற்குள் ஒருத்தி தன் பிள்ளையை ஈர ரோட்டில் எனக்குக் குறுக்கே கிடத்தினாள். மூணு வயசிருக்கும். உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன.

"இதுக்கும் நெஞ்சுலதான் கோளாறு. நேந்துக்கிட்டு வாரவுக தாண்டுனா சரியாயிரும். தாண்டிட்டுப் போ தாயி."

மாசக்கணக்காக வாய் வலிக்கச் சொன்ன குழந்தைகளில் ஒன்றை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நான் எதையும் நேர்ந்துகொள்ளவே இல்லை. பிள்ளை அசையாமல் என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் காலைத் தூக்கினேன். அப்போதுதான் பார்த்தேன், கொஞ்சம் தள்ளி இன்னொருத்தி தன் பிள்ளையைக் கிடத்திக்கொண்டிருந்தாள்.