ஏழு பர்சென்ட் பக்தி

போன வாரம் பினாங்கில், பாயான் பாரு பக்கம் ஒரு கிளினிக். டாக்டர் என்னை ஒரு மெஷினில் ஏறி நிற்கச் சொன்னார். எடையை மட்டும் காட்டுகிற மெஷின் இல்லை அது. உடம்பில் கொழுப்பு எத்தனை பர்சென்ட் என்பதையும் காட்டிக்கொடுக்கிற மெஷின்.

இத்தனைக்கும் நான் நோயாளியே இல்லை. என் மனைவியின் தம்பி ரூபனுக்குத் துணையாகப் போனவன். துணைக்குப் போனவனையும் பிடித்து ஏற்றுவது என்ன நியாயம்?

அது இருக்கட்டும். முதலில் ரூபன் கதை.

முப்பத்தாறு வயது. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவனுக்கும் தேவிக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. போன வருஷம் தேவி வேண்டிக்கொண்டாள் - பிள்ளை வரம் கேட்டு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்கு ரூபன் பால்காவடி எடுப்பான் என்று. அவனும் சரியென்று தலையாட்டினான்.

நல்ல விஷயம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் காவடி எடுக்கிறவர் சட்டை போடுவதில்லை. அங்கேதான் சனியன் பிடித்தது.

"மாமா, அன்னிக்கு எத்தன பேரு போட்டோ எடுப்பாங்க தெரியுமா? இந்த வயித்த வெச்சிக்கிட்டு எப்படி லா?"

அவனுக்கு இருந்தது ஒரு சாதாரண வயிறு. கல்யாணமாகி, வேளாவேளைக்குச் சோறு கிடைக்கிற எந்த ஆணுக்கும் இருக்கிற வயிறு. தீபாவளி முடிந்த மறுவாரமே ஜிம்மில் சேர்ந்தான். பிறகு நாற்பத்தெட்டு நாள் விரதம் வந்தது. ஒரு வேளைச் சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை. நம் ஆட்கள் காலங்காலமாக இருக்கிற விரதம்தான். ரூபன் அதற்கு வைத்த பெயர் 'கட்டிங்'. கொழுப்பைக் கரைக்கிற காலத்துக்கு ஜிம்மில் அதுதான் பெயராம்.

காலையில் சாமி கும்பிடுவதற்கு முன்னால், வீட்டில் வாங்கி வைத்திருந்த அதே மாதிரி மெஷினில் ஏறுவான். வந்த நம்பரைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவான். பதினெட்டு... பதினான்கு... ஒன்பது. புரோட்டின் பவுடர் விரதத்துக்கு ஆகுமா என்று ஒரு கோயில் ஐயரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பால்ல இருந்து எடுக்கறதுதானே, பரவால்ல" என்றாராம். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா!

பெண்கள் பார்லருக்குப் போனால் கிண்டல் செய்கிற கூட்டம் நாம். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றில் எத்தனை தசைக்கட்டு தெரிகிறது என்று எண்ணுகிறவனை மட்டும் 'டிசிப்ளின்' உள்ளவன் என்கிறோம்.

சரி, தைப்பூசத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் மதியத்திலிருந்தே ரூபன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். தண்ணீர் குடிக்காவிட்டால் தோல் ஒட்டிக்கொண்டு நரம்பு எடுப்பாகத் தெரியும் என்று ஜிம்மில் எந்தப் புத்திசாலியோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். தைப்பூசத்தன்று காலை மெஷினில் ஏழு. முகமெல்லாம் பல்.

காவடியோடு நடந்தோம். பினாங்குத் தைப்பூசம் உங்களுக்குத் தெரியும். வழி முழுக்கத் தண்ணீர்ப் பந்தல். மோர், சிராப் சர்பத், பாட்டில் தண்ணீர் என்று கையில் திணிப்பார்கள். இவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே போகிறான். உதடு வெடித்திருக்கிறது. ஒரு பந்தலில் இருந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னா பக்தி பாரு! ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேங்குது அந்தப் புள்ள!"

எனக்கு உண்மை தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஊரே மெச்சும்போது நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

மலைப் படிக்கட்டின் அடியில் கண் செருகி விழுந்தான். காவடியை நாலு பேர் பிடித்துக்கொண்டோம். முதலுதவிக்காரர்கள் ஓடி வந்து டிரிப் ஏற்றினார்கள். அவன் கண் திறக்கிற வரைக்கும் தேவி அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கண் திறந்ததும் எழுந்தாள். காவடியில் கட்டியிருந்த பால்செம்பை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு படியேறிவிட்டாள்.

அவளும் அதே நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவள்தான். எந்தக் குழுவிலும் அதைப் போடவில்லை.

இதற்குப் பிறகுதான் கிளினிக். காத்திருந்தபோது தேவி மெதுவாகச் சொன்னாள்: "இவரு வயித்துல தலை வெச்சுத்தான் அண்ணே டிவி பார்ப்பேன். இப்ப எலும்பு குத்துது."

இளைக்கட்டுமா என்று அவளிடம் ரூபன் கேட்டானா? கேட்கவே இல்லை. பெண்களுக்குப் பிடிக்கும் என்று உடம்பை இளைக்கவைக்கிறோம் என்பதெல்லாம் சுத்தப் பொய். ஃபேக்டரியில் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "போலே லா!" - பரவாயில்லையே - என்று முதுகில் தட்டியவர்கள் எல்லாரும் மீசை வைத்தவர்கள்.

டாக்டர் சின்னப் பெண்தான். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு ரூபனைப் பார்த்தார்.

"கொழுப்ப இவ்ளோ கொறைச்சு, சாப்பாட்டையும் வெட்டினா ஆண் ஹார்மோன் இறங்கிரும். உங்களுக்கு நல்லாவே இறங்கியிருக்கு. தூக்கம் போகும், ஆசையும் போகும். பிள்ளைக்கு ட்ரை பண்றவங்க செய்யற வேலையா இது?"

தேவி தரையைப் பார்த்தாள். பிள்ளை வேண்டும் என்று தொடங்கிய விரதம்!

நான் சும்மா இருந்திருக்கலாம். "கொஞ்சம் கொழுப்பு இருக்கணும்னு நான் அப்பவே சொன்னேன் டாக்டர்" என்று என் வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.

"அங்கிள், நீங்க கொஞ்சம் இதுல ஏறுங்க."

முப்பத்து நாலு. அதோடு விட்டாரா? இடுப்பில் டேப்பையும் சுற்றினார்.

"அவருக்கு ரொம்பக் கொறைவு, உங்களுக்கு ரொம்ப அதிகம். வயித்துக் கொழுப்பும் அதே ஹார்மோனத்தான் இறக்கும். கூடவே சுகர், ஹார்ட்டு. அவரப் பார்த்து நீங்க சிரிக்காதீங்க."

எங்கள் ரகத்துக்கும் ஒரு திமிர் உண்டு. தொப்பையை 'வசதி' என்போம். நாசி கண்டார் கடையில் சோற்றுக்குக் குழம்பை இன்னும் ஊற்றச் சொல்லிவிட்டு, தே தாரிக் என்கிற ஆற்றிய டீயில் மட்டும் சீனி குறைப்போம். பத்திரிகையில் இந்தப் பத்தியின் மேலே அச்சாகியிருக்கும் என் படத்தைப் பாருங்கள். கழுத்தோடு நிற்கிறது. பத்திரிகைக்காரர்கள் வெட்டியதாக நினைத்தீர்களா? நானே வெட்டித்தான் அனுப்பினேன்.

ஒழுங்காகச் சாப்பிட்டால் ஹார்மோன் ஏற வாய்ப்பு இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். பக்கத்தில் ரூபன், பின்னால் தேவி. அவன் போனில் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"ச்சே, அன்னிக்கு எடுத்ததுல ஒரு போட்டோகூட சரியா வரல மாமா."

பின் சீட்டிலிருந்து தேவியின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது.

"முருகன்கிட்ட என்னதாங்க கேக்கப் போனீங்க? புள்ளையா, லைக்கா?"

ரூபன் போனைக் கவிழ்த்து வைத்தான். கார் இரண்டு சிக்னல் தாண்டியது. பிறகு அவன் திரும்பாமலே, "தண்ணி இருக்கா?" என்று கேட்டான். அவள் பாட்டிலை நீட்டினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான்.

நான் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடி ஓட்டிக்கொண்டிருந்தேன் - காருக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்!