விசில் ஊதாத கண்டக்டர்

பயணிகள் அவளுக்கு வைத்த பெயர் விசிலக்கா. அவள் ஊதினால் மூன்று தெரு தள்ளித் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவள் ஆறு வருடமாக விசிலைப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. ஊதினால் சிறுநீர் கசிந்தது. இருமினாலும் சிரித்தாலும் அதே கதைதான்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஆரம்பித்த தொல்லை. வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடாமல், துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஷிப்ட் முடிகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. குடிக்காவிட்டால் வராதே என்பது அவள் கெட்டிக்காரத்தனம். ஊதுவதற்குப் பதில் டிக்கெட் மெஷினால் கம்பியைத் தட்டினாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் கிளம்பு. அவளோடு ஓட்டும் டிரைவர் அண்ணனுக்கு அது பழகிப்போனது.

போன திங்கட்கிழமை அண்ணன் லீவு, வேறு டிரைவர் வந்தார். சந்தை நிறுத்தத்தில் ஒரு அம்மா படியில் கால் வைக்கும்போதே வண்டி நகர்ந்தது. இவள் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். இன்ஜின் இரைச்சலில் அவர் காதில் விழவில்லை. அந்த அம்மா கீழே விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை. வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று திரும்புவாள், அதற்குள் பால் பொங்கியிருக்கும். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"ஒரு ஊது ஊதியிருந்தா வண்டி நின்னிருக்குமேம்மா," என்றாள் அந்த அம்மா, கோபமே இல்லாமல். அதுதான் தாங்க முடியவில்லை. அங்கிருந்து நேரே பெண்கள் பிரிவுக்குப் போனாள். பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா பயிற்சி சொல்லித்தரும் நர்ஸிடம் அனுப்பினார்.

"பிரசவத்துல அடிவயித்தத் தாங்குற தசை தொய்ஞ்சு போச்சுக்கா. ஊதும்போது அழுத்தம் இறங்குது, அதால தாங்க முடியல," என்றாள் நர்ஸ்.

"நான்தான் தண்ணியே குடிக்கிறதில்லையே!"

"அதுதான் தப்பு. மூத்திரம் கெட்டியானா மூத்திரப்பை எரிஞ்சு, இன்னும் அவசரப்படுத்தும். காத்து பிரியாம அடக்குவோமே, அப்படி உள்ளுக்குள்ள இறுக்குங்க. அஞ்சு எண்ணிட்டு விடுங்க. பத்து தடவை, தினம் மூணு வேளை. இருமறதுக்கு, ஊதறதுக்கு முன்னாடியும் ஒரு இறுக்கு. மூச்சைப் பிடிக்காதீங்க. மூணு மாசம் பாருங்க. கேட்கலன்னா வேற வைத்தியமும் இருக்கு."

மூன்று மாதம்! ஆறு வருடம் நாக்கு வறண்டு நின்றதை நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை டிரைவர் அண்ணன் டிப்போ வாசலிலேயே மடக்கினார். "விசில் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு தங்கச்சி. திட்டிட்டு விட்ருவாங்க."

உள்ளே மூன்று அதிகாரிகள், மூவரும் ஆண்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். விசில் ஏன் ஊதவில்லை என்று கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. முறிந்த மணிக்கட்டு கண்ணுக்குள் நின்றது.

"ஊதினா ஒண்ணுக்கு வந்துடுது சார்," என்றாள். "வைத்தியம் ஆரம்பிச்சிருக்கேன். மூணு மாசம் டைம் கொடுங்க."

மூவரும் காகிதத்தைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் குசுகுசுத்துவிட்டு, மூன்று மாதம் டிக்கெட் கவுண்டரில் வேலை, பிறகு டாக்டர் சீட்டைப் பார்த்து வண்டி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வேலை தப்பியது. பெரிய அதிகாரிக்குத்தான் மனசு ஆறவில்லை.

"இத்தனை வருஷமா ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எப்படி சார் சொல்றது? டிப்போல பொம்பளைங்க கழிவறைல பழைய டயர அடுக்கிப் பூட்டி வெச்சிருக்கீங்க. அதோட சாவியத்தான் ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன்."

சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர் மற்ற இருவரையும் கேட்டார். இருவருக்கும் தெரியவில்லை.