என் வலிக்கு அவர் முதுகைக் காட்டினார்

எங்க பிரிக்பீல்ட்ஸ் லயத்துல, ரயில் பட்டறை ஆளுங்க குடியிருந்த வரிசை வீடுகள்ல, ஒரு கேடுகெட்ட வழக்கம் இருந்துச்சு. பொம்பளைக்கு எங்கே வலிச்சாலும் புருஷன்தான் பட்டறையில மருந்து கொடுக்குற டிரெசர்கிட்ட போய், "எனக்கு வலிக்குது சார்"னு மருந்து வாங்கிட்டு வரணும். அந்நிய ஆம்பளைகிட்ட பொம்பள வலியைச் சொன்னா மானம் போயிடுமாம்! உசுரு போனா பரவாயில்லை போல.

வயித்துல தலைப்பிள்ளை, எட்டு மாசம். இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, ஒரு குடம் தண்ணி தூக்க முடியலை. எங்க வீட்டுக்காரர் டிரெசர் முன்னாடி தன் முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, வலிப் பொடி பொட்டலம் வாங்கிட்டு வந்தார். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வலி கேட்டுச்சு, பொய் சொல்ல மாட்டேன். தீர்ந்ததும் மறுபடி வாங்கிட்டு வாங்கன்னு விரட்டினதும் நான்தான்.

பிரசவத்துல ரத்தம் நிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. "ஏதாவது மருந்து சாப்பிட்டியா?"ன்னு லேடி டாக்டர் நர்ஸை விட்டுக் கேக்குறாங்க. என் மாமியா முந்திக்கிட்டு, "ஒண்ணும் சாப்பிடலைம்மா"ன்னாங்க. மகன் பட்டறையில சொன்ன பொய் வெளிய வந்துடுமேன்னு பயம்! அந்த நெலமையிலயும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "பொடி சாப்பிட்டேன், நாள் தவறாம சாப்பிட்டேன்"னு கத்தினேன்.

நான் பிழைச்சேன், பிள்ளை பிழைக்கலை. பொடிதான் காரணம்னு டாக்டரும் அடிச்சுச் சொல்லலை. மாசமா இருக்கிறவ கேக்காம எதையும் விழுங்கக் கூடாதுன்னு மட்டும் சொன்னாங்க. லயத்துல எல்லாரும் விதின்னாங்க. விதியாம், மண்ணாங்கட்டி!

ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி மாசமானேன், அதே வலி. இவர் சட்டையை மாட்டிக்கிட்டு, "நான் போயி வாங்கிட்டு வரேன்"னார். "நீங்க உக்காருங்க"ன்னு சொல்லிட்டு, வயித்தைத் தள்ளிக்கிட்டு நானே டிரெசரோட மருந்து ஜன்னலுக்குப் போய் ஆம்பளைங்க வரிசையில நின்னேன். பாதிப் பேர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க.

"எனக்குத்தான் சார் வலி, ஏழு மாசம்"னேன். "முன்ன எங்க வீட்டுக்காரர் முதுகுக்குன்னு ஒரு பொடி கொடுத்தீங்களே, தலைப்பிள்ளைக்கு நான் அதைத்தான் சாப்பிட்டேன். சாப்பிடலாமா?"

டிரெசருக்கு முகமே செத்துப்போச்சு. "ஐயையோ! மாசமா இருக்கிறவங்களுக்குன்னு தெரிஞ்சிருந்தா அதைக் கையால தொட்டிருக்க மாட்டேனேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்கு முன்னாடி மருந்து வாங்கிட்டு நகர்ந்த ஆளு திரும்பி வந்து, கையில இருந்த பொட்டலத்தை ஜன்னல்ல வச்சார்.

"இது எம் பொஞ்சாதிக்கு சார்"னார். "அவளுக்கு ஆறு மாசம்."