சூடேறாத தோள்

கல்லூரி நாட்களில் நானும் என் தோழியும் ஐம்பது மீட்டர் நீச்சல்காரிகள். அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும் பந்தயம் அது. அந்தச் சின்ன நேரத்துக்காகத் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் உடம்பை வருத்திக்கொண்டோம். அவள் எறையூர்க்காரி, அப்பா கரும்பு விவசாயி. நான் அரியலூரிலிருந்து வந்து பெரம்பலூரில் அவளோடு விடுதியில் தங்கிப் படித்தேன்.

விடுதியில் எடைக்கருவிகள் கிடையாது. மணல் நிரப்பிய கேன்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவோம். பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, தண்ணீரைத் தள்ளுவதுபோலப் பின்னுக்கு இழுப்போம். இழுக்கும்போது தோள் காதை நோக்கி ஏறக் கூடாது என்பதில் அவள் கறார். நான் எண்ணிக்கையை முடிப்பதிலேயே குறியாக இருப்பேன்.

நீச்சல் குளத்தில் வேகமாக நீந்தும் முன் உடம்பைச் சூடேற்றும் வார்ம்அப்பிலும் அப்படித்தான். கைகளைச் சுழற்றி, டியூப் இழுத்து, மெதுவாக எட்டு முறை நீந்தி, பிறகு பதினைந்து மீட்டருக்கு நாலு தடவை முழு வேகம். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அதில் ஒன்றைக்கூட அவள் விடமாட்டாள்.

இறுதி ஆண்டில் திருச்சியில் நடந்த ரிலே போட்டிக்கு நான்தான் அணித்தலைவி. பயிற்சியாளர் முன்தினமே போய்விட்டார். அணியில் இருந்த நாங்கள் நாலு பேரும் கிளம்பிய பஸ் பாடாலூர் தாண்டி நின்றுபோனது. வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் அணியை அழைத்துக்கொண்டிருந்தார்கள். உடை மாற்றத்தான் நேரம் இருந்தது.

"தோளு இறுக்கமா இருக்கு. இன்னிக்கு நான் வேணாம்டி," என்றாள் என் தோழி.

"நீ இல்லன்னா டீமே இல்ல. பஸ்ஸுல வெந்துதானே வந்தோம், ஒடம்பு சூடாத்தான் இருக்கு. ஒரே ஒரு லேப்புதான்," என்றேன்.

பயிற்சியாளர் ஓடி வந்தார். "வார்ம்அப் முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சுட்டோம் சார்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

கடைசி ஆளாக அவள் குதித்தாள். பாதித் தூரம் நன்றாகத்தான் போனாள். பிறகு வலது கை தண்ணீருக்கு மேலே எழவில்லை. இடது கையால் மட்டும் அடித்து வந்து சுவரைத் தொட்டாள். அதற்குள் மற்ற அணிகள் கரையேறியிருந்தன. நாங்கள் மூவரும் சேர்ந்து அவளைத் தூக்கினோம். கடித்த உதட்டில் ரத்தம் கசிந்திருந்தது.

தோளில் தசைநார் கிழிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. டாக்டர் விசாரித்தபோது, பிள்ளைகள் வார்ம்அப் செய்துவிட்டுத்தான் இறங்கினார்கள் என்றார் பயிற்சியாளர். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். மூன்று நாள் கழித்து அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "தப்பு உன்னோடதுன்னு அவகிட்ட சொன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

எறையூருக்குப் போனேன். வலது கையைத் துணிக்கட்டு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் டீ போட எழுந்து போனதும், "எல்லாம் என்னாலதான்," என்றேன்.

"ஆமா," என்றாள். "நானும் முடியாதுன்னு நின்னுருக்கலாம். ஆனா எனக்கு என்ன ஆனாலும் பரவால்லன்னுதானே நீ பொய் சொன்ன? அதான் இன்னும் ஆறல."

அவள் அம்மா கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கட்டு அவிழ்த்த பிறகு ஞாயிறுதோறும் போய், டாக்டர் சொன்ன தோள் பயிற்சிகளைச் செய்ய உதவினேன். சுவரில் விரல்களை நடத்திக் கையை மேலே ஏற்றுவதில் தொடங்கினோம். பிறகு டியூபின் ஒரு முனையை நான் பிடிக்க, அவள் இழுத்தாள். முதல் சில வாரங்கள் எண்ணிக்கை தவிர வேறு பேச்சில்லை. ஒருநாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு நானே தலை வாரிக்கிட்டேன்," என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஒரு வருடம் கழித்துப் பெரம்பலூர் குளத்தில் மறுபடி இறங்கினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகப் போய்ச் சேர்ந்து, "போட்டியெல்லாம் போதும்டி," என்றாள். தண்ணீரில் நின்றபடியே கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என்னை மன்னித்ததாக அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது அவள் பெரம்பலூரில் வேலை பார்க்கிறாள். சில ஞாயிறுகளில் நீந்தக் கூப்பிடுவாள். அரியலூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே போய்விடுவேன்.