எம்மெட் கிட்ரியின் வீட்டுப் பலகை

எம்மெட் கிட்ரி தன் வீட்டுக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லிவிட்டார் என்று தூண்டில் இரை விற்கும் கடையில் பேசிக்கொண்டதாகத் தபால்காரர் சொன்னார். எங்கள் தீவு ஊரான கால்வெஸ்டனில் இது திருட்டு வழக்கைவிடப் பெரிய சங்கதி.

1900ஆம் ஆண்டுப் புயலில் பாதி ஊர் கடலோடு போனது. அதில் தாக்குப்பிடித்த வீடுகளின் வாசலில் சின்ன உலோகப் பலகை ஒன்று பொருத்தியிருக்கும். பலகை உள்ள வீட்டுக்காரரின் நடையே வேறு. எங்கள் தெருவில் எம்மெட் அப்படி நடப்பவர்.

முப்பத்தோரு வருடம் படகுத்துறையில் கார்களைக் கைகாட்டிப் படகில் ஏற்றி நிறுத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை ஓயவில்லை. சாப்பிட அழைத்தால் நம்மையும் முன்னே, இடப்பக்கம், போதும் என்று நாற்காலியில் நிறுத்திவிட்டுத்தான் இறால் குழம்பை ஊற்றுவார். சுற்றுலா வண்டி வாசலில் நின்றால் காபிக் குவளையோடு இறங்கி வந்து, எல்லோரையும் கூடத்துக்குக் கூட்டிப்போவார். புயல் வெள்ளம் ஏறிய உயரத்துக்கு அங்கே சுவரில் ஒரு பென்சில் கோடு. நான் குடிவந்த புதிதில் அது அவர் இடுப்பளவில் இருந்தது. இப்போது மூக்கைத் தொடுகிறது.

"இன்னும் நாலு வருஷத்துல உன் தண்ணி கூரையத் தாண்டிடும்ப்பா," என்பார் அடுத்த வீட்டு வெர்னா ப்ரூஸ்கி. எழுபத்தெட்டு வயது; ஊர் வழக்கப்படி மரியாதைக்கு எம்மெட் 'மிஸ்' சேர்த்துக் கூப்பிடுவார். அவர் வாசலிலும் பலகை உண்டு.

"உங்க வீட்டுல முழங்கால் தண்ணிதான் வந்துச்சுன்னா அதுக்கு நான் என்ன செய்யட்டும், மிஸ் வெர்னா?"

இந்த வருடம் எம்மெட்டுக்குச் சின்னப் பலகை போதவில்லை. சாலையோரம் கம்பத்தில் நிற்குமே, பத்து வரிக் கதையோடு, அந்தப் பெரிய பலகை வேண்டும் என்று விண்ணப்பித்தார். பலகை கொடுக்கும் குழு ஆதாரம் கேட்டது. அந்த வாரமே குழாய் மாற்றச் சமையலறைச் சுவரைப் பிரித்தபோது, சுவரின் மரப்பலகைகளுக்கு நடுவே அடைத்திருந்த பழைய செய்தித்தாள் ஒன்று விழுந்தது. இடுப்பை இறுக்கும் உள்ளுடைக்கான விளம்பரம், பழுப்பேறிய காகிதம். இதைவிட வேறென்ன வேண்டும்? கண்ணாடிச் சட்டம் போட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

குழுவில் ஒருவர் தேதியைப் படித்தார். மே, 1902.

புயலுக்குப் பின் கட்டிய வீடு என்று முடிவானால் பெரிய பலகை கிடையாது, சின்னதையும் கழற்றிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் முடிவைச் சொல்வதாகக் கடிதம் வந்தது.

அன்று நான் எம்மெட் வீட்டில் இருந்தபோது, வெர்னா ப்ளம்பழம் வைத்த பன்களோடு ஒன்பதரைக்கே வந்துவிட்டார். எம்மெட் எங்கள் இருவரையும் கைகாட்டி உட்காரவைத்தார்.

"தேதி பாக்காம யாராவது பேப்பரக் குடுப்பாங்களா?" என்றார் வெர்னா.

"அந்தப் படத்துல இருந்த அம்மாவுக்கு இடுப்பு அவ்வளவு சின்னதா இருந்துச்சு. அதையே பாத்துட்டு இருந்துட்டேன்."

"எழுபத்தொரு வயசுல கண்ணு போற எடத்தப் பாரு."

எம்மெட் சிரிக்கவில்லை. வெர்னா குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. வீடு பழசு, ஒட்டுதான் புதுசுன்னு சொல்லு. புயல்ல ஒடைஞ்ச சுவர ரெண்டு வருஷம் கழிச்சு அடைச்சிருப்பாங்க. அப்ப கையில கெடைச்ச பேப்பர்."

"என்ன மிஸ் வெர்னா, திடீர்னு என் கட்சிக்கு வந்துட்டீங்க?"

வெர்னா ஒரு பன்னை எடுத்து, கடிக்காமல் திரும்பத் தட்டில் வைத்தார்.

"ரெண்டு வீட்டையும் ஒரே தச்சன் ஒரே வருஷத்துல கட்டினான்னு எங்க மாமனார் சொல்லுவாரு. உன்னுதக் கழட்டிட்டு அந்தத் திருப்புளியோட நேரா என் வாசலுக்குத்தான் வருவாங்க."

எம்மெட் அன்று முதன்முறையாகச் சிரித்தார். பிறகு எழுந்து கூடத்துக்குப் போனார். ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"கோட்ட இடுப்புக்கே எறக்கிட்டேன். கேட்டா பொய் சொல்ல வேணாம் பாருங்க."

"முழங்காலுக்கு எறக்கு. அதுதான் நம்பற மாதிரி இருக்கும்."

தொலைபேசி அடித்தது. மணி பத்து. வெர்னா எம்மெட்டைப் பார்த்தார், எம்மெட் தொலைபேசியைப் பார்த்தார். அது இரண்டாம் முறை அடித்தது, மூன்றாம் முறையும்.

"எடுப்பா."

"எடுக்கற வரைக்கும் இது புயல்ல தப்பிச்ச வீடு, மிஸ் வெர்னா."

சொல்லிவிட்டு வலக்கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, படகு நிரம்பியதும் அடுத்த காருக்குக் காட்டுவாரே, அதே மாதிரி தொலைபேசிக்குக் காட்டினார். அது நிற்கவில்லை.