தொண்டை கட்டிய சனிக்கிழமை

நியூஜெர்சியில் என்னோடு டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் மூத்த நர்ஸ் ஒரு ஹைட்டிக்காரம்மா. இளம்வயதில் தன் நாட்டு மக்கள் பாடகர் ஒருவருக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடியவர். அந்தப் பாடகர் ஒற்றைக் கிடாரோடு சர்வாதிகாரியை எதிர்த்துப் பாடி, நாடு கடத்தப்பட்டு, ஆட்சி கவிழ்ந்ததும் திரும்பிப் போய், அடுத்து வந்தவர்களையும் பாட்டாலேயே குடைந்தெடுத்த மனிதர். அவர் இறந்த வாரம் அந்தம்மா என்னிடம், "நீ சர்ச்ல பாடுறவதானே? சனிக்கிழமை நினைவுக் கூட்டத்துக்கு ஒரு குரல் குறையுது," என்றார்.

சாப்பாட்டு இடைவேளைகளில் கற்றுக்கொண்டேன். ஊர்க் கிணற்றைப் பூட்டியவனிடம் சாவி கேட்கிற பாட்டு என்றார். மொழி புரியவில்லை, கோபம் புரிந்தது. காரில் கத்திக் கத்திப் பாடினேன்.

வெள்ளிக்கிழமை என் கணவர் கேட்டார்: "லைவ் போடுவாங்களா?"

"போடுவாங்க."

"கிரீன் கார்டு இன்டர்வியூ பத்து நாள்ல. மூணு வருஷமா ஒரு போஸ்டுக்கு லைக் கூட போடாம இருக்கோம். இப்பப் போய் கவர்ன்மென்ட்ட திட்டுற பாட்டா?"

"அது அவங்க ஊர் கவர்ன்மென்ட்."

"கேமராவுக்கு அது தெரியுமா?"

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் ஒன்றுமில்லை, பயம் மட்டும் வண்டி வண்டியாக. தொண்டை கட்டிவிட்டது என்று அந்தம்மாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம் உட்கார முடியவில்லை. மடித்த துணியையே மறுபடி மடித்தேன். ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். போனில் லைவைப் போட்டேன், அணைத்தேன், திரும்பவும் போட்டேன். கோரஸ் வரிசையில் என் இடத்தை அப்படியே விட்டிருந்தார்கள். யாரும் நெருங்கி நின்று அதை அடைக்கவில்லை. எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

திங்கட்கிழமை அந்தம்மா பிளாஸ்கில் இஞ்சி டீயோடு வந்தார். ஓய்வறையில் எனக்கு ஊற்றிக்கொண்டே, "அவரும் ஒரு தடவ தொண்டை கட்டிடுச்சுன்னு சொன்னார். அரண்மனை விருந்துல பாடக் கூப்பிட்டப்போ. அந்த வாரமே நாட்டவிட்டுத் துரத்திட்டாங்க," என்றார்.

"எனக்குத் தொண்டை கட்டல," என்றேன்.

"தெரியும். அவருக்கும்தான் கட்டல. குடி, ஆறிடும்."

பிறகு அந்தப் பாட்டை மெல்ல எடுத்தார். நான் சேர வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கேமரா எங்கே என்றுதான் என் கண் முதலில் கூரையில் தேடியது.