மாடியிலிருந்து இறங்கி வந்த முருகேசுவரி

திருச்சுழியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது என் மனைவி கைப்பேசியில் அழைத்தாள். “முருகேசுவரி போயிட்டாளாம்” என்றாள். எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. என்னைவிட மிகவும் இளையவர். நெஞ்சுவலி என்றார்கள்.

அருப்புக்கோட்டையில் நூல் கடை மாடியில் மியூச்சுவல் ஃபண்டு முகவராக இருந்த அவரை உங்களில் பலர் அறிவீர்கள். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்களும் உங்களில் உண்டு. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் ஃபண்டுகளைப் பற்றிப் படித்து, அட்டவணை போட்டு, முந்தைய ஆண்டில் அதிகம் தந்திருந்த ஓர் அரசுக் கடன்பத்திர ஃபண்டில் மொத்தத்தையும் போடலாம் என்று போனேன்.

“போன வருசம் மழை பெஞ்ச காட்டத் தேடிப் போயி வெதைக்கப் போறீகளா, சார்?” என்று சிரித்தார். “இது நீண்டகாலப் பத்திரம். வட்டி ஏறுச்சுன்னா இதோட வெல இறங்கும். காத்திருந்து எடுக்கணும். இந்தப் பணம் எப்ப வேணும்?”

“பேத்தி காலேஜுக்கு. இன்னும் ஏழெட்டு வருஷம் ஆகும்.”

“முழுசுமா? வீட்ல அம்மாவுக்கு ஒண்ணும் வேணாமா?”

“அவ எதுவும் கேட்டதில்லையே.”

“நீங்க கேட்டீகளா? அவுகளக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்.”

அடுத்த வாரம் இருவரும் போனோம். மனைவி முதல் படியிலேயே நின்றுவிட்டாள். அவளைக் கடையில் உட்காரவைத்து நான் மட்டும் மேலே போய், “நீங்களே முடிச்சிருங்களேன்” என்றேன். முருகேசுவரி எழுந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னம்மா, முட்டியா?”

“மாத்தணுமின்னாக. தங்கச்சி கூடப் போயிக் காட்டுனேன். ரெண்டு வருசமாச்சு.”

“சார்ட்டச் சொல்லலையா?”

“பேத்திக்குன்னு பொத்திப் பொத்தி வச்சிருக்காக. அதுல போயிக் கைய வைக்கவா?”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முருகேசுவரிதான் காப்பாற்றினார். “சார், எம்புட்டுப் பெரிய அட்டவணை! அதுல இந்த முட்டியக் காணோமே!” மனைவியும் சிரித்துவிட்டாள்.

சிகிச்சைப் பணத்தை லிக்விட் ஃபண்டில் போடச் சொன்னார். “கேட்டா அடுத்த வேலை நாளே கைக்கு வரணும். அதுல பெரிய லாபம் பாக்காதீக.” சில ஆண்டுகளில் வீட்டுத் தளம் மாற்றத் தேவைப்படும் பணத்துக்குக் குறுகியகாலப் பத்திர ஃபண்டு. பேத்தியின் பங்கு மட்டும் நான் தேர்ந்தெடுத்ததில். “எதுவும் டெபாசிட் மாதிரி இல்ல, சார். ஏறும், இறங்கும். வேணுங்கிற அன்னைக்கு இறங்கிக் கெடக்கக் கூடாதுன்னுதான் பிரிக்கிறோம்.”

மதுரையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தபோது, நான் தேர்ந்தெடுத்த அந்த ஃபண்டு இறங்கித்தான் கிடந்தது. லிக்விட் ஃபண்டிலிருந்து மருத்துவமனைப் பணம் குறையாமல் வந்திருந்தும், நான் பதறிப்போய் அவரை அழைத்தேன்.

“பேத்தி நாளைக்கா காலேஜுக்குப் போறா? போயி அம்மாவ நடக்க வைங்க, சார்” என்றார்.

நேற்று அவர் அலுவலகத்தில் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மனைவி கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். முருகேசுவரியின் நாற்காலிக்கு எதிரே அவள் நின்றது நேற்றுதான் முதல்முறை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வியைத்தான். திரும்பும் பஸ்ஸில், சற்றுத் தயங்கி, அதை மனைவியிடம் கேட்டேன்.

“உனக்கு ஏதாவது வேணுமா?”

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

“கேட்டுட்டீகல்ல. யோசிச்சுச் சொல்றேன்.”